ஆங்கிலத்தைச் செந்தமிழ் போலப் பேசுகிறோம்

(மட்டக்களப்பில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஆங்கிலத்தில் 'டூ நொட்' என்பது 'டோன்ட்' ஆகிறது. 'ஐ ஆம்' என்பது 'ஐம்' ஆகிறது. 'தே ஹாவ்' என்பது 'தேவ்' ஆகிறது. இந்தச் சின்ன விஷயத்துக்கு ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நகரத்துச் சுவர்களைப் பாருங்கள். மூன்று மாதத்தில் சரளமாக ஆங்கிலம் பேசலாம் என்று விளம்பரங்கள் ஒட்டியிருக்கின்றன. அந்த வகுப்புகளுக்குப் போய்வரும் பிள்ளைகளைக் கேட்டால், முதல் வாரத்திலேயே கிடைக்கும் அறிவுரை இதுதான்: "ஐ ஆம் என்று சொல்லாதே, ஐம் என்று சொல். உடனே வெள்ளைக்காரன் பேசுவதுபோல் இருக்கும்." பிள்ளையும் 'ஐம்' என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குத் தடுமாறி நிற்கிறது.

இந்த அறிவுரையில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதி என்ன என்பதே என் பேச்சு. சொல்லைச் சுருக்குவதால் சரளம் வருவதில்லை. தாளம் பிடிபட்டால் சொல் தானாகச் சுருங்கும். இந்தச் சுருக்கத்தைக் காதால் பிடிக்கத் தெரிவது நமக்குக் கட்டாயம். வாயால் சொல்வது அவரவர் விருப்பம், இடத்தைப் பொறுத்தது. நம் பள்ளிகள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

எழுத்து வழியாக வந்த மொழி

ஆங்கிலம் இந்த வாவிக் கரைக்கு வந்த வழியை முதலில் பார்ப்போம். 1814 இல் வெஸ்லியன் சபைப் பாதிரியார் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து பள்ளி தொடங்கினார். அடுத்த ஆண்டே அவர் காலமானார். ஆனால் மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை 1814 இலிருந்தே கணக்கிடுகிறது. 1873 இல் புனித மிக்கேல் கல்லூரி வந்தது. இந்தப் பள்ளிகளின் ஆங்கிலம் வேதாகமத்திலும் இலக்கணப் புத்தகத்திலும் பரீட்சைத் தாளிலும் வாழ்ந்த ஆங்கிலம். பழைய ஆங்கில வேதாகமத்தை எந்தப் பக்கம் புரட்டினாலும் ஒரு 'டோன்ட்' கிடைக்காது. கட்டளைகள் எல்லாம் முழுச் சொற்களில் முழங்கும்.

அந்த வழியில் போய் உச்சம் தொட்டவர் சுவாமி விபுலாநந்தர். 1892 இல் காரைதீவில் பிறந்து, நான் சொன்ன இரு கல்லூரிகளிலும் படித்து, பின்னர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். சேக்சுபியர் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்துப் பார்த்த அவருடைய 'மதங்க சூளாமணி' 1926 இல் வெளிவந்தது. பின்னாளில் 'பிரபுத்த பாரத' என்ற ஆங்கில இதழின் ஆசிரியராகவும் இருந்தார். எழுத்து வழி ஆங்கிலம் குறைந்த ஆங்கிலம் என்று யாராவது சொன்னால், அவருக்கு நாம் காட்டும் பதில் விபுலாநந்தர்.

ஆனால் எல்லாப் பிள்ளையும் விபுலாநந்தர் ஆவதில்லை. மற்றவர்களுக்கு அந்த வழி விட்டுச்சென்றது ஒரு பழக்கம்: ஒவ்வொரு சொல்லையும் அச்சில் இருப்பதுபோல் முழுதாக, ஒரே அழுத்தத்தோடு உச்சரிப்பது. "ஐ – ஆம் – கோயிங் – டு – த – மார்க்கட்." இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் அது மேடைத் தமிழில் மீன் விலை கேட்பது போன்றது. "இம்மீனின் விலை யாது?" என்று சந்தையில் யாராவது கேட்டால் விலை சொல்வார்கள்தான்; ஆளை ஒரு மாதிரியாகவும் பார்ப்பார்கள். நாம் ஆங்கிலத்தைச் செந்தமிழ் போலப் பேசுகிறோம். நம் பிரச்சினை முழுவதும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

இதற்கு ஒரு விலக்கும் இந்த ஊரிலேயே உண்டு. அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் மிக்கேல் கல்லூரியில் பணியாற்றிய காலத்தில் கூடைப்பந்தாட்டம் இங்கே வேரூன்றியது. அருட்தந்தை வெபரின் பெயரால் இன்றும் நகரில் ஒரு விளையாட்டரங்கு இருக்கிறது. பந்து கையில் இருக்கும்போது எந்தப் பயிற்றுநரும் "டூ நொட் ஸ்டாண்ட் தெயர்" என்று முழுசாகச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். ஆடுகளத்தில் கேட்கும் ஆங்கிலமும் பாடப்புத்தகத்து ஆங்கிலமும் வேறு வேறு என்பதைக் காதால் அறிய ஒரு தலைமுறைக்கு வாய்ப்பு இருந்தது. அது எல்லாருக்கும் கிடைத்த வாய்ப்பு அல்ல.

நம்மிடம் இல்லாத வித்தையா?

சொல்லைச் சுருக்குவது நமக்குப் புதிதா? வரவில்லை என்று எழுதுகிறோம், 'வரல்ல' என்று பேசுகிறோம். யாழ்ப்பாணத்தார் 'வரேல்ல' என்பார்கள். 'இல்லை' என்ற தனிச் சொல் வினையின் வாலில் ஒட்டிக் கரைந்துவிட்டது. ஆங்கிலத்தில் 'நொட்' என்ற சொல்லுக்கு 'டோன்ட்', 'டிடன்ட்' என்பவற்றில் நேர்ந்ததும் இதுவேதான். இயலாது என்பது 'ஏலாது' ஆகி, நம் வாயில் 'ஏலா' என்று முடிகிறது. 'கனொட்' என்பது 'கான்ட்' ஆன கதைக்கு இதைவிட நல்ல உதாரணம் வகுப்பறையில் கிடைக்காது. எந்த ஆசிரியரும் நமக்கு 'ஏலா' கற்றுத் தரவில்லை. எந்தப் பிள்ளையும் பரீட்சைத் தாளில் 'ஏலா' எழுதுவதில்லை. எங்கே எது என்று நமக்குத் தெரியும்.

செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் 1966 இல் இலங்கைத் தமிழ் பற்றி எழுதிய கட்டுரையில், பேச்சுத் தமிழ்களுள் மட்டக்களப்புத் தமிழே எழுத்துத் தமிழுக்கு மிக நெருக்கமானது என்று கூறினார். நாம் பெருமையோடு எடுத்துச் சொல்லும் கருத்து. ஆனால் எழுத்துக்கு மிக நெருங்கிய நாமே பேச்சில் இவ்வளவு சுருக்குகிறோம் என்றால், சுருக்காத பேச்சு மொழி உலகில் எங்கும் இருக்காது.

நம் இலக்கணகாரர்கள் இதை ஒழுங்காகவே பதிவு செய்திருக்கிறார்கள். தொல்காப்பியம் குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை கொடுக்கிறது. நன்னூல் ஐகாரக்குறுக்கம், மகரக்குறுக்கம் என்று ஒரு குறுக்கப் பட்டியலே வைத்திருக்கிறது. 'நாடு', 'இல்லை' இரண்டும் சேர்ந்தால் 'நாடில்லை'. இடையில் இருந்த உகரம் போய்விட்டது. 'ஐ' என்ற சொல்லுக்குப் பின் வரும் 'ஆம்' தன் உயிரை இழந்து வெறும் மகரமாக ஒட்டிக்கொள்வதும் இதே வகை நிகழ்ச்சி. தமிழ் வகுப்பில் புணர்ச்சி படித்த பிள்ளைக்கு ஆங்கிலக் குறுக்கத்தைப் புதிய பூதமாகக் காட்ட வேண்டியதில்லை.

வாவிக் கரையில் இன்னொரு சாட்சியும் இருக்கிறது. போர்த்துக்கேயர் 1628 இல் இங்கே கோட்டை கட்டினார்கள். 1638 இல் ஒல்லாந்தரிடம் அதை இழந்தார்கள். பத்து ஆண்டு ஆட்சிதான். ஆனால் மட்டக்களப்புப் பறங்கியர் சமூகத்தில் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி இன்றுவரை பேசப்படுகிறது. போர்த்துக்கேய மொழியின் 'எஸ்தா' என்ற வினை அதில் 'தா' என்று குறுகி, நிகழ்காலத்தைக் காட்டும் உறுப்பாகவே ஆகிவிட்டது. சோம்பேறி நாக்கின் வேலை என்று யாரோ ஒரு காலத்தில் முகம் சுளித்திருக்கக்கூடிய ஒரு குறுக்கம், ஒரு மொழியின் இலக்கணமாக எழுந்து நிற்கிறது.

தாளம்

இனி, ஆங்கிலம் ஏன் இப்படிச் சுருக்குகிறது? இதற்குப் பதில் தெரிய மொழியியல் புத்தகம் தேவையில்லை. கூத்துக் களரி போதும். அண்ணாவியார் மத்தளத்தைத் தட்டுகிறார், சல்லரி ஒலிக்கிறது. பாட்டு வரியில் எழுத்துகள் கூடினாலும் தாளம் காத்திருப்பதில்லை. இரண்டு அடிகளுக்கு நடுவே எத்தனை எழுத்து வந்தாலும் அவை நெருங்கி நெருக்கி அந்த இடைவெளிக்குள் அடங்க வேண்டும். ஆங்கில வாக்கியம் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது.

கையைத் தட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள். "மென் – செல் – ஃபிஷ்." மூன்று தட்டு. இப்போது, "த மென் – வில் செல் – த ஃபிஷ்." இதற்கும் மூன்று தட்டுத்தான். இன்னும் கொஞ்சம் கூட்டுவோம்: "த மென்ல் அவ் – சோல்ட் – த ஃபிஷ்." சொற்கள் இரட்டித்துவிட்டன, தட்டு மூன்றுதான். மென், செல், ஃபிஷ் ஆகிய மூன்றும் பொருள் சுமக்கும் சொற்கள். அவற்றில் அடி விழுகிறது. 'வில்', 'ஹாவ்', 'த' போன்றவை இலக்கண வேலை செய்பவை; அவை இடைவெளிக்குள் ஒடுங்குகின்றன. 'வில்' வெறும் 'ல்' ஆகிறது, 'ஹாவ்' தன் ஹகரத்தை இழக்கிறது. எழுத்தின் தலைமாட்டில் தொங்கும் அந்த அப்போஸ்ட்ரஃபி, உதிர்ந்த எழுத்துக்கு இட்ட அடையாளம் மட்டுமே.

அமெரிக்க மொழியியலாளர் கென்னத் பைக் 1945 இல் மொழிகளை அழுத்தத் தாள மொழி, அசைத் தாள மொழி என்று இரண்டாகப் பிரித்தார். பின்னால் வந்தவர்கள் கருவி வைத்து அளந்து பார்த்து, ஆங்கிலத்தின் அடிகள் அப்படி ஒன்றும் சம இடைவெளியில் விழுவதில்லை என்று காட்டினார்கள். உண்மைதான். ஆனாலும் அழுத்தம் பெறாத அசைகள் நன்றாகக் குறுகுகின்றன என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. தமிழ் நாவோ ஒவ்வோர் அசைக்கும் உரிய இடம் கொடுத்துப் பழகியது. ஆகவே 'ஐம்' என்று சுருக்கிவிட்டு, "கோயிங் – டு – த – மார்க்கட்" என்று மீதியைப் பழைய நடையில் சொன்னால் ஒரு கால் ஓடுகிறது, மறு கால் நிற்கிறது. சரளம் வராததன் காரணம் இதுதான்.

இரண்டு கண்ணிகள்

எங்கே இது வெறும் அழகுப் பிரச்சினையாக இல்லாமல் பொருளையே கவிழ்க்கிறது என்று பார்ப்போம். முதற் கண்ணி 'கான்', 'கான்ட்'.

ஆங்கிலேயர் "ஐ கன் கம்" என்று சொல்லும்போது அடி 'கம்' மேல் விழுகிறது. முன்னால் உள்ள சொல் 'க்ன்' என்று சொல்லும் அளவுக்குத் தேய்ந்துவிடும். "ஐ கான்ட் கம்" என்னும்போது 'கான்ட்' மேலும் அடி விழும். அதே வேளை, கடைசி டகரம் பல நேரம் தொண்டையிலேயே நின்றுவிடும், வெளியே கேட்காது. அவர்கள் காது அந்த டகரத்துக்காகக் காத்திருப்பதில்லை. சொல் அழுத்தமாக வந்ததா, தேய்ந்து வந்ததா என்றே பார்க்கிறது. நம் காதோ டகரத்துக்காகவே காத்திருக்கிறது. விளைவு இரண்டு பக்கமும் விபரீதம். அவர்கள் முடியாது என்பது நமக்கு முடியும் என்று கேட்கிறது. நாம் முடியும் என்பதை அழுத்தி, நீட்டி "ஐ கான் கம்" என்று சொல்ல, அவர்களுக்கு அது முடியாது என்று கேட்கிறது.

சந்தையில் இது நடந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். நோயாளியைப் பற்றித் தொலைபேசியில் வைத்தியரிடம் பேசும்போது, அவர் இந்த மருந்தை எடுக்கலாமா, எடுக்கக்கூடாதா என்ற இடத்தில் நடந்தால்? அங்கே சரளத்தை மறந்துவிடுங்கள். 'கனொட்' என்று முழுதாகச் சொல்லுங்கள். முழு வடிவம் கற்றுக்குட்டியின் வடிவம் என்று யாரும் நினைக்கத் தேவையில்லை. விமானியும் வழக்கறிஞரும் தெளிவு தேவைப்படும் இடத்தில் முழு வடிவத்துக்கே போகிறார்கள்.

இரண்டாவது கண்ணி 'வோன்ட்', 'வொன்ட்'. முன்னது மாட்டேன், பின்னது வேண்டும். ஆங்கிலத்தில் முன்னதன் ஓகாரம் நீண்டு உதடு குவிந்து முடிகிறது. பின்னதன் ஒகரம் குறுகித் திறந்த வாயில் முடிகிறது. நம்மில் பலர் இரண்டுக்கும் நடுவே ஒரே ஒலியை வைத்திருக்கிறோம். போர் முடிந்த 2009 க்குப் பின் பாசிக்குடாவில் விடுதிகள் வரிசையாக எழுந்தன. நம் பிள்ளைகள் பலர் அங்கே வேலைக்குப் போகிறார்கள். விருந்தினர் "வீ வோன்ட் டின்னர் டுனைட்" என்று சொல்ல மாட்டார். "வீ வோன்ட் பி ஹாவிங் டின்னர்" என்று சொல்வார். சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டவர் மேசை போடுவார். பின்னால் வரும் 'பி' என்ற சின்ன வினையைப் பிடித்தவர் அது மறுப்பு என்று அறிவார். காது தவறினாலும் இலக்கணம் காப்பாற்றும். 'வில் நொட்' எப்படி 'வோன்ட்' ஆயிற்று என்று கேட்கும் மாணவருக்கு: மத்திய கால ஆங்கிலத்தில் 'வில்' என்பதற்கு 'வொல்' என்றொரு வடிவமும் இருந்தது, அதன் எச்சம் இது.

அதேபோல 'ஐட்' என்பது 'ஐ வுட்' ஆகவும் இருக்கலாம், 'ஐ ஹாட்' ஆகவும் இருக்கலாம். "ஐட் கோ" என்றால் முன்னது, "ஐட் கோன்" என்றால் பின்னது. 'ஹீஸ்' என்பதும் இப்படியே: "ஹீஸ் கோயிங்" என்றால் போகிறான், "ஹீஸ் கோன்" என்றால் போய்விட்டான். அடுத்த சொல்லைக் கேட்காமல் முடிவு செய்யக்கூடாது.

எங்கே சுருக்கக்கூடாது

சுருக்கு என்று மட்டும் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகள் சொல்லாமல் விடும் விதி ஒன்று உண்டு. "ஆர் யூ ஃப்ரம் பட்டிக்கலோ?" என்று ஒருவர் கேட்டால் "யெஸ், ஐ ஆம்" என்றுதான் சொல்ல வேண்டும். "யெஸ், ஐம்" என்று எந்த ஆங்கிலேயரும் சொல்வதில்லை. வாக்கியத்தின் கடைசியில் நிற்கும் சொல்லின் மேல் அடி விழுகிறது. அடி விழும் சொல் சுருங்காது. ஆனால் "நோ, ஐ கான்ட்" சரி. மறுப்பு எங்கே நின்றாலும் அழுத்தம் பெறும். மனப்பாடம் செய்ய இவை இரண்டு விதிகள். தாளம் புரிந்தவருக்கு ஒரே விதி.

ஒருவர் தன்மேல் சாட்டிய குற்றத்தை மறுக்கும்போது "ஐ டிட் நொட் டேக் இட்" என்று ஒவ்வொரு சொல்லாக இறக்குவார். விண்ணப்பம், சட்டக் கடிதம், ஆய்வுக் கட்டுரை ஆகியவற்றிலும் முழு வடிவமே பொருந்தும். 'கொன்னா', 'வொன்னா' போன்றவை பாட்டிலும் படத்திலும் கேட்கும். கேட்டால் புரிய வேண்டும். நேர்முகப் பரீட்சையில் சொல்லத் தேவையில்லை.

யாரோடு பேசுகிறோம்?

எல்லாரும் இப்படிச் சுருக்கியே ஆக வேண்டுமா என்று கேட்டால், இல்லை என்பதே என் பதில். 1987 இன் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது; ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. மட்டக்களப்பு எழுதுவினைஞரும் மாத்தறை அதிகாரியும் ஆங்கிலத்தில் பேசும்போது இருவருக்கும் அது தாய்மொழி அல்ல. அங்கே ஒருவர் ஆங்கிலேயர்போல் விழுங்கிப் பேசினால் மற்றவருக்குக் கஷ்டம். பிரித்தானிய ஆய்வாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000 இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் வாதிட்டார். தாய்மொழியாளர் அல்லாதார் தமக்குள் பேசும்போது மெய்யொலிகளின் தெளிவும் முக்கியச் சொல்லின் அழுத்தமும் அவசியம். தேய்ந்த வடிவங்கள் அவசியமில்லை என்பது அவர் கருத்து.

ஆனால் பேச்சில் விலக்கு உண்டு என்பதால் கேட்பதில் விலக்குக் கிடைக்காது. வெளிநாட்டுப் பேராசிரியரின் காணொளி விரிவுரையும், ரொறன்ரோவில் பிறந்த பேரப்பிள்ளை "ஐம் நொட் ஹங்க்ரி, அம்மம்மா" என்று சொல்வதும் நம் வசதிக்காக முழுச் சொற்களில் வரப்போவதில்லை.

கூச்சமும் வேண்டாம். ஜொனதன் சுவிஃப்ட் 1710 இல் 'டாட்லர்' இதழில் இந்தக் குறுக்கங்களை நாகரிகக் கேடு என்று சாடினார். அடுத்த ஆண்டு அடிசன் 'ஸ்பெக்டேட்டர்' இதழில் 'கான்ட்', 'வோன்ட்' முதலியவற்றால் மொழி கரடுமுரடாகிறது என்று குறைபட்டார். அன்று கீழ்த்தரம் எனப்பட்டதே இன்று சுவரொட்டிகளில் உயர்தரமாக விற்கப்படுகிறது. இலங்கையர் பலர் விடைபெறும்போது "ஐல் கோ அண்ட் கம்" என்கிறோம். குறுக்கம் அதில் குற்றமற்றதாக இருக்கிறது. இலண்டன்காரர் மட்டும், நாம் எப்போது திரும்பி வருவோம் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது பிழையா? 'போயிட்டு வாறன்' என்ற மரியாதையை ஆங்கிலத்துக்கு நாம் கொடுத்தது அது. மைக்கல் மெய்லர் 2007 இல் இலங்கை ஆங்கிலத்துக்கு ஓர் அகராதியே தொகுத்து வெளியிட்டிருக்கிறார்.

வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

நம் சாதாரண தரப் பரீட்சை ஆங்கிலத்தை எழுத்தில் சோதிக்கிறது. ஆகவே வகுப்பும் எழுத்தையே துரத்துகிறது. பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தாழங்குடா கல்வியியற் கல்லூரியிலிருந்து வெளிவரும் இளம் ஆசிரியர்களுக்கு ஒரு சிறு பயிற்சியைச் சொல்கிறேன். நமக்குப் பழகிய 'சொல்வதெழுதல்' தான். ஆனால் ஆசிரியர் சுருக்கிச் சொல்ல வேண்டும், பிள்ளை விரித்து எழுத வேண்டும். "தேட் லெஃப்ட்" என்று கேட்டால் "தே ஹாட் லெஃப்ட்" என்று எழுத வேண்டும். "ஹீல் நோ" என்று கேட்டால் "ஹி வில் நோ". செலவில்லை, கருவி தேவையில்லை. காது திறக்கும், கூடவே இலக்கணமும் பதியும். கைத்தொலைபேசி இருக்கும் வகுப்பில் ஒரு நேர்காணலின் அரை நிமிடத்தைப் போட்டு, எத்தனை 'ஹாவ்' ஒளிந்திருக்கிறது என்று தேடச் சொல்லலாம்.

காது பழகிய பிறகு கைதட்டல். தட்டுக்குள் வாக்கியத்தை அடக்கப் பழகும் பிள்ளையின் வாயில் 'ஐம்' தானாக வரும். எப்போது 'ஐ ஆம்' என்று நிற்க வேண்டும் என்பதும் தெரியும். தமிழில் 'இயலாது', 'ஏலா' இரண்டையும் இடமறிந்து ஆளும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் அதே திறமையைக் காட்ட வழி செய்து கொடுப்பது நம் பொறுப்பு. வெள்ளைக்காரர்போல் ஒலிக்க வைப்பதாக வாக்குக் கொடுக்கும் சுவரொட்டிகளைவிட இது சிறிய வாக்குறுதி; ஆனால் நிறைவேற்றக்கூடியது.